என் வீட்டை நான்கு முறை இடித்த புலாத்தான் அண்ணன்

எங்கள் ஈப்போ புந்தோங்கில் புலாத்தான் அண்ணனைப் போல வீடு இடித்தவரும் கிடையாது, சாலை போட்டவரும் கிடையாது. மூன்றே வருடத்தில் பதினேழு மேம்பாலங்கள், எண்ணிக்கையில் அடங்காத சுற்றுவட்டங்கள், ஒரு கோயில் இடமாற்றம். என் வீட்டை மட்டும் நான்கு முறை இடித்தார். நான்கு முறையும் முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டுத்தான் இடித்தார்; அந்த நாகரிகம் அவரிடம் உண்டு. இத்தனையும் கம்ப்யூட்டருக்குள். வெளியே அவருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும் லைசென்ஸ்கூடக் கிடையாது.

இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் அவரும் சரசு அக்காவும் மகன் வீட்டோடு சிலிம் ரிவருக்குக் குடிபோனார்கள். பக்கத்து வீடு காலியாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சுற்றுவட்டத்துக்கு மலாயில் புலாத்தான் என்று பெயர். எந்தச் சிக்கலைக் கொண்டுபோய் வைத்தாலும், "நடுவுல ஒரு புலாத்தானைப் போட்டா சரியாயிடும்லா" என்பார். கல்யாண வீட்டில் சாப்பாட்டு வரிசை நெருக்கினால், நடுவில் ஒரு புலாத்தான். கிளினிக்கில் டோக்கன் குழப்பமா, நடுவில் ஒரு புலாத்தான். அவருடைய நிஜப் பெயர் மின்சார பில்லில் இருக்கும். அதை யாரும் படித்ததில்லை.

பிறந்தது சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். "எங்க தோட்டத்துல ஒரே செம்மண் ரோடு தங்கச்சி. லயத்து வீட்டுலேர்ந்து ஆபீஸுக்கு, ஆபீஸுலேர்ந்து லயத்துக்கு. டிராபிக் ஜாம்னா அது மாடு" என்பார். தோட்டம் இல்லாமல் போனபின் ஈப்போவுக்கு வந்து, ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் ஜாகாவாக, வாசல் காவலாளியாக இருந்தார். வாசலில் இருக்கும் தடுப்புக் கட்டையைத் தூக்குவது, இறக்குவது. அவ்வளவுதான் வேலை. ஆனால் அவர் சொல்லிக் கேட்டால் அது ஒரு மந்திரி பதவி மாதிரி இருக்கும்.

"ஏழு மணின்னா ஏழு மணிதான். ஏழு ஒண்ணுக்கு வந்த லோரி வெளிய நிக்கும். டிரைவர் அழுவான், கெஞ்சுவான், சிகரெட்டு நீட்டுவான். கட்டை தூக்காது!"

அவருக்கு லைசென்ஸ் இல்லாததால் மோட்டாரைச் சரசு அக்காதான் ஓட்டுவார். அண்ணன் பின்னால் உட்கார்ந்து சந்திக்குச் சந்தி, சிம்பாங்குக்குச் சிம்பாங், உத்தரவு போடுவார். அவர்கள் வருவதை நாங்கள் காதால்தான் முதலில் அறிவோம்.

"சிம்பாங் வருது, ஸ்லோ. இடப்பக்கம் வேன். பாத்துக்க. ம், போலாம், போலாம்... ஐயோ, ஏன் போன?"

"நீங்கதானே போலாம்னீங்க!"

"போலாம்னு சொன்னா போயிர்றதா? கண்ணு எங்க போச்சு?"

ரிட்டயர் ஆன மறுநாள் காலையில், பழைய சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு மார்க்கெட் சிம்பாங்கில் போய் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. முதல் நாள் எல்லாரும் போலீஸ்காரர் என்று நினைத்துக் கீழ்ப்படிந்தார்கள். உண்மையைச் சொன்னால் வண்டிகள் நன்றாகவே ஓடின. இரண்டாம் நாள், "ஏ, நம்ம புலாத்தான்லா!" என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். அதற்குமேல் ஒரு சைக்கிள்கூட நிற்கவில்லை. மூன்றாம் நாள் நிஜமான போலீஸ்காரர் ஒருவர் வந்து, கோப்பி வாங்கிக்கொடுத்து, வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அன்று சாயங்காலமே சரசு அக்கா, மூடப்போகிற ஒரு சைபர் கபேயிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவந்து மேசையில் வைத்தார். அதில் நகரம் கட்டும் கேம் ஒன்று ஏற்கெனவே இருந்தது. "இந்தாங்க. இனிமே வீட்டுக்குள்ளேயே ஊதுங்க."

அந்த கேமில் நாம்தான் மேயர். வெற்று நிலத்தில் சாலை போட வேண்டும். சாலையைச் சுற்றி வீடும் கடையும் தானாக முளைக்கும். ஆட்கள் குடிவருவார்கள், வேலைக்குப் போவார்கள், கார் வாங்குவார்கள், நெரிசலில் மாட்டுவார்கள், மாட்டிக்கொண்டு மேயரைத் திட்டுவார்கள். மற்றவர்கள் அதில் பூங்கா கட்டுவார்களாம், ஏரிக்கரையில் பங்களா கட்டுவார்களாம். அண்ணன் சாலை மட்டும்தான் போட்டார். மனிதர்கள் என்பது வண்டிக்குள் இருக்கும் ஒரு தொந்தரவு என்பது அவர் கட்சி.

"மூணு லேன் போட்டுக் குடுத்துருக்கேன் தங்கச்சி. எல்லாப் பயலும் வலது ஓர லேன்லயே வரிசை புடிச்சு நிக்கிறான். மத்த ரெண்டும் காலி. இவனுங்க வேற எங்கேர்ந்தும் வரல, நம்ம ஊர்க்காரனுங்கதான்!"

ஒருநாள் காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே?"

"நூத்திருவது பொணம் தங்கச்சி. மூணு நாளா எடுக்க ஆளில்ல."

எனக்குக் கைப்பை நழுவி விழுந்தது. நான் வக்கீல் ஆபீஸில் கிராணி, அதாவது குமாஸ்தா. சம்பளத்துக்குக் கிராணி வேலை, மற்ற நேரமெல்லாம் பயப்படும் வேலை. வெள்ளமா, தீயா, எந்த இடம் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தார்: "நீ வேலைக்குப் போம்மா! இவரோட பொண வண்டி இவரோட புலாத்தான்லயே மாட்டிக்கிச்சு!"

நகரம் வளர வளர அதற்குப் புந்தோங் என்றே பெயர் வைத்தார். எங்கள் தெரு வந்தது. எங்கள் வீடுகள் வந்தன. வினையும் வந்தது.

"தங்கச்சி, உக்காரும்மா. ஒண்ணு சொல்லணும். ஒங்க வீடு போவுது."

"எங்கண்ணே போவுது?"

"மேம்பாலம் எறங்கற எடம். வேற வழியில்ல."

சிரித்துவிட்டு வந்திருக்கலாம். நான் படித்தவள். ஆனால் என்னையறியாமல், "ஏண்ணே எப்பப் பாத்தாலும் எங்க வீடு? எதிர்த்த வீடு கண்ணுக்குத் தெரியலையா?" என்று சண்டைக்கு நின்றேன். எதிர்த்த வீட்டை ஏற்கெனவே பொம்பா நிலையம் ஆக்கிவிட்டாராம். தீயணைப்பு வண்டியைத் தொடக்கூடாதாம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ஒங்களுக்கு கார்னர் லாட்டு குடுத்துருக்கேன், வந்து பாரும்மா" என்றார். போய்ப் பார்த்தேன். நல்ல இடம்தான். காற்று வரும் என்று எனக்குத் தோன்றியது, கடவுளே.

கோயில் விவகாரம் இதைவிடப் பெரிது. சிம்பாங்கை அகலப்படுத்துவதற்காக அண்ணன் அம்மன் கோயிலை இருநூறு மீட்டர் தள்ளி வைத்துவிட்டார் என்ற செய்தி கோயில் தலைவரின் காதுக்கு எட்டியது. அன்று சாயங்காலமே நிர்வாகக் குழு கூடியது. இரண்டு மணி நேரம் விவாதித்தார்கள். பிறகு தலைவர் துண்டைப் போட்டுக்கொண்டு நேரில் வந்தார்.

"எத்தன வருசக் கோயிலு! யாரைக் கேட்டு நவுத்துன?"

"தலைவரே, புது எடத்துல பார்க்கிங் இருக்கு. நானூறு காரு."

தலைவர் உட்கார்ந்தார். நிஜக் கோயிலுக்கு அவர் பார்க்கிங் கேட்டு எழுதிய மனுக்களை அடுக்கினால் கோபுர உயரம் வரும். திரையை வெகுநேரம் பார்த்தார். "மண்டபம் ஒண்ணு போட முடியுமா?" என்றார், குரலைத் தாழ்த்தி. போட்டுக்கொடுத்தார் அண்ணன். அடுத்த பொதுக்கூட்டத்தில் மண்டபத்துக்கு நன்றித் தீர்மானம் நிறைவேறியது. நிஜத்தில் அந்த இடத்தில் இன்னும் லாலான் புல்தான் இருக்கிறது.

ஆனால் திருவிழா வந்தபோது உறவு முறிந்தது. ரத ஊர்வலத்துக்கு எந்தத் தெருவை அடைத்தால் எங்கே நெரியும் என்று பார்த்துச் சொல்லும்படி தலைவரே கேட்டிருந்தார். கேமில் ரதம் கிடையாது. மெதுவாகப் போகும், எல்லாத் தெருவிலும் நிற்கும் ஒரு வண்டி வேண்டும். அண்ணன் யோசித்துக் குப்பை லோரியை ஓட்டிக் காட்டினார்.

"அம்மாளைக் குப்பை லோரில ஏத்திட்டியா!"

"தலைவரே, வேகம் சரியா இருக்கு பாருங்க..."

"வேகமா? பாவமய்யா, பாவம்!"

மறுபடி குழு கூடியது. கம்ப்யூட்டருக்குள் அம்மன் எந்த வண்டியில் எழுந்தருளலாம் என்று உலகத்தில் வேறெந்தக் கோயிலிலாவது விவாதம் நடந்திருக்குமா, தெரியாது. பஸ் கூடாது, எல்லாரும் ஏறுவார்கள். ஆம்புலன்ஸ் கூடாது, அபசகுனம். கடைசியில் பொம்பா வண்டி என்று முடிவானது. சிவப்பு நிறம், விளக்கு, சத்தம், எல்லாம் பொருத்தம். அந்த வருட ஊர்வலம் அண்ணன் காட்டிய வழியில்தான் போனது. நெரிசலே இல்லை. தலைவர் அவருக்கு மாலை போட்டார். அண்ணன் மாலையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்.

இதெல்லாம் சிரிப்பாக இருந்த காலம். போன வருடம்வரை.

என் மகள் நித்யாவுக்கு இருபது வயது. ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்து மோட்டாரில் போய்வந்துகொண்டிருந்தாள். அவள் அப்பா சிங்கப்பூரில் வேலை, மாதம் ஒருமுறைதான் வருவார். ஒரு திங்கட்கிழமை, ஏழு மணிக்குச் சில நிமிடம் முன்பு, ஜெலாப்பாங் நுழையும் பெரிய சிம்பாங்கில் அவள் வலது பக்கம் திரும்பும்போது எதிரே வந்த லோரி ஒன்று சிக்னல் மாறுவதற்குள் போய்விடப் பார்த்தது. அவளை இடிக்கவில்லை. இடிக்காமல் இருக்க அவள் விழுந்தாள். தோள் எலும்பு முறிந்தது. ஹெல்மெட்டில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. அந்தக் கோட்டை நான் தொட்டுப் பார்த்தேன். தொடாமல் இருந்திருக்கலாம். இன்றைக்கும் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால், நித்யா எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

இரண்டரை மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. "திங்கக்கெழமையிலேர்ந்து மோட்டார்லயே போறேன்மா" என்றாள்.

சாவியை அரிசி டின்னுக்குள் ஒளித்தேன். கண்டுபிடித்தாள். சாமி அறையில் ஒளித்தேன். கண்டுபிடித்தாள். "பஸ் எட்டு மணிக்குத்தான் வருது. வேலை ஏழரைக்கு. நான் வேலைய விடணுமா? சொல்லுங்கம்மா, விட்டுர்றேன்" என்றாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அமைதியாகக் கேட்டாள். அழுதுகொண்டே பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

சரசு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"எந்த லேன்ல நின்னா? லோரி எத்தன டன்னு? மணி ஆறு அம்பத்தஞ்சா, அம்பத்தெட்டா?"

"அண்ணே, இது ஒங்க வெளையாட்டு இல்ல!" என்று கத்திவிட்டு வந்தேன்.

அதன்பின் பத்து நாள் அந்த வீட்டில் சத்தமே இல்லை. விடியற்காலையில் மட்டும் அவர்கள் மோட்டார் கிளம்பும். எட்டு மணிக்குத் திரும்பும். மகளிடம் கெஞ்சி இன்னும் இரண்டு வாரம் லீவு சொல்ல வைத்திருந்தேன். பதினோராம் நாள் அக்கா வந்து எங்கள் இருவரையும் அழைத்துப்போனார். கோயில் தலைவரும் அங்கே நின்றுகொண்டிருந்தார். தமது மண்டபத்தைப் பார்க்க வந்திருக்கிறார்.

திரையில் மண்டபம் இல்லை. மேம்பாலங்கள் இல்லை. என் கார்னர் லாட்டு இல்லை. மூன்று வருட நகரத்தில் ஒரு செங்கல் இல்லை. எங்கள் வாசலிலிருந்து ஜெலாப்பாங் வரைக்கும் ஒரே ஒரு சாலையும், அதன் சிம்பாங்குகளும், தொழிற்சாலை வாசல்களும் மட்டும்.

"பழைய கம்ப்யூட்டர்லா. ரெண்டுக்கு எடம் இல்ல. அதான் அதை அழிச்சிட்டாரு" என்றார் அக்கா.

தலைவர் வாயைத் திறந்தார். என் மகளின் தோளைப் பார்த்தார். "பிள்ளை நல்லா இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, துண்டால் நாற்காலியைத் துடைத்து அவளை உட்காரவைத்தார்.

திரையில் லோரிகள் சிறு சிறு பெட்டிகளாக நகர்ந்தன. நான் அந்தச் சிம்பாங்கையே பார்த்தேன். "எப்ப இடிக்கும்?" என்றேன்.

"இடிக்காது தங்கச்சி. இந்த கேம்ல வண்டி வண்டிய இடிக்கவே இடிக்காது."

"அப்பறம் எதுக்குண்ணே பத்து நாளா?"

"எங்க நெருக்குதுன்னு காட்டும். நெருக்கற எடத்துல மனுசனுக்கு அவசரம் வரும். அந்த அவசரம் இதுக்குள்ள இல்ல. அதை வெளியதான் பாக்கணும்."

அதற்குத்தான் விடியற்காலைப் பயணம். தினமும் ஆறே காலுக்கு அக்கா அவரை ஏற்றிப்போய்ச் சிம்பாங்கின் ஓரம் நிறுத்தியிருக்கிறார். பள்ளிக்கூட நோட்டில் லோரிகளைக் குறித்திருக்கிறார். ஆறரைக்கு எல்லா லோரியும் ஒழுங்காகப் போகின்றன. ஆறு ஐம்பதுக்குமேல் எல்லாம் பறக்கின்றன. ஏழு ஐந்துக்குமேல் மறுபடி ஒழுங்கு.

"ஏன் மாமா?" என்றாள் நித்யா.

அவர் நோட்டை மூடினார். "ஏழு மணிக்குக் கட்டை எறங்கிரும்ல. அதுக்குள்ள போயிரணும். இல்லன்னா எட்டரை வரைக்கும் வெளிய." நோட்டை மேசையில் வைத்துவிட்டு, "அங்க உள்ள ஜாகா பசங்களுக்கு அப்புடிப் பழக்கிவிட்டது நான்தான் தங்கச்சி" என்றார். "இருவத்திரண்டு வருசம். அவனுங்க சிம்பாங்குல என்ன செய்வானுங்கன்னு ஒரு நாளும் நான் யோசிச்சதில்ல. கட்டைக்கு இந்தப் பக்கம் மட்டுந்தான் எனக்குக் கண்ணு."

நடுவில் ஒரு புலாத்தான் போடலாம் என்று அவர் சொல்லாத ஒரே நாள் அதுதான்.

மறுநாள் அவர் தொழிற்சாலை வாசலுக்குப் போனார். நானும் போனேன். அவருடைய பழைய கூண்டில் அவர் பழக்கிய ஜாகா இருந்தான்.

"கால் மணி நேரம் கூட விடுடா. ஏழேகால் வரைக்கும் தூக்கு."

"அண்ணே! ஏழுன்னா ஏழுன்னு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க? ஏழு ஒண்ணுக்குத் தூக்குனேன்னு என்னை எல்லார் முன்னாடியும் ஏசுனீங்களே?"

"ஏசுனேன். தப்புடா. இப்பச் சொல்றேன், விடு."

"எழுத்துல வேணும்ணே." அதுவும் அவர் கற்றுக்கொடுத்ததுதான்.

அண்ணன் வாக்குவாதம் செய்யவில்லை. கட்டைக்கு வெளியே, லோரி டிரைவர்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றார். மேலதிகாரி வரும்வரை நின்றார். ஒன்றரை மணி நேரம். என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. கையிலிருந்த நோட்டைப் பிரித்துப் பிரித்துக் காட்டினார். அந்த வாரமே வளாகத்தில் லோரிகள் ஒதுங்க இடம் விட்டார்கள், ஏழரைவரை உள்ளே வரலாம் என்று ஆனது. பக்கத்து இரண்டு வாசல்களுக்கும் போனார். ஒன்று கேட்டது, ஒன்று கேட்கவில்லை.

கேட்காத அந்த ஒரு வாசலுக்காக நித்யாவுக்கு வழி போட்டுக்கொடுத்தார். அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். பெரிய சிம்பாங்கில் வலது திரும்பவே கூடாது. நேராகப் போய், தூரத்தில் யூ டர்ன் எடுத்து, திரும்பி வந்து இடது பக்கம் நுழைய வேண்டும்.

"மாமா, நேராப் போனா எட்டு நிமிஷம். நீங்க சொல்ற வழியில இருவத்திரண்டு நிமிஷம்!"

"ஆமா. அதுல பதினாலு நிமிசம் ஒங்கம்மாவுக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். சாவியை நானே எடுத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை ஆறு இருபதுக்குப் போனாள். ஆறு நாற்பத்து நான்குக்கு 'சேந்துட்டேன்' என்று மெசேஜ் வந்தது. அன்று நான் ஆபீஸ் போகவில்லை. சாயங்காலம் ஐந்தேகாலுக்கு வர வேண்டியவள், ஐந்தரைக்கு வந்தாள். கடையில் கச்சான் கடலை வாங்க நின்றாளாம். திட்டுவதைப் பிறகு வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்குச் சொல்ல ஓடினேன்.

அண்ணன் வாசலில் இரும்பு கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மூணு மணியிலேர்ந்து அங்கதாம்மா நிக்கிறாரு" என்றார் சரசு அக்கா உள்ளிருந்து. "உள்ள வந்து புதுசா ஒரு ஊரைக் கட்டுங்களேன்னா, கரண்ட்டு இல்லங்கிறாரு. மேல ஃபேன் ஓடிக்கிட்டு இருக்கு."

"வந்துட்டாண்ணே" என்றேன்.

"யாரு?" என்று கேட்டார், தெருவைப் பார்த்துக்கொண்டே.

கேட்டைப் பிடித்திருந்த கைகளை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.